ஒன்பதாவது கட்டை

உரக்கடை மாடியில் என் அறை.
யூரியா வாசனை படியேறி வரும்,
கூடவே பிள்ளைகளும்.
மன்னார்குடியில் என்னை மூளை டாக்டர் என்கிறார்கள்.
ஊசி போடாத டாக்டர் என்று
ஆட்டோக்காரர் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்.
நான் டாக்டரே இல்லை.
திருத்தி அலுத்துவிட்டது.

யுகேந்திரனுக்கு எட்டு வயது.
நீடாமங்கலத்திலிருந்து
ஜன்னலோர சீட்டு கிடைக்காமல்
வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவன்
மேஜையைப் பார்த்ததும் நிறுத்தினான்.
ஒன்பது கட்டைகள். சிவப்பு, வெள்ளை,
சில முகங்கள் பாதிக்குப் பாதி.
அட்டையில் இருக்கிற மாதிரி அடுக்கு, என்றேன்.
கடிகாரத்தை அமுக்கினேன்.

அட்டையை அவன் பார்க்கவில்லை.
கட்டைகளை மூன்று வரிசையாக
இடைவெளி விட்டு வைத்தான்.
ஒன்றை நகமளவு தூக்கினான்.
மேஜையில் காதை வைத்துக் கேட்டான்.
இன்னும் கொஞ்சம் தூக்கினான்.
அறுபது நொடி. எழுபத்தைந்து.
பூஜ்யம் போட்டேன்.

"அவங்கப்பா லஸ்கருங்க" என்றாள் பூங்கோதை.
"மூணாறு தலைப்புல ஷட்டர் ஏத்தி எறக்குற வேல.
இவனும் கூடவே போயி நிப்பான்."

பாமணி, கோரை, வெண்ணாறு.
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
பூஜ்யத்தை அழிக்கவில்லை. அழிக்கக் கூடாது.
அது அவனுக்கும் எனக்கும் நடுவில் உள்ள
சங்கதியில்லை.
அவன் வயதில் எங்கெங்கோ இருக்கிற
ஆயிரம் பிள்ளைகளோடு அவனை நிறுத்துகிறது.
அவர்கள் யாருக்கும்
தண்ணீர் மூன்றாகப் பிரியும் சத்தம் தெரிந்திருக்காது.
கையேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பேச்சு வருமா, என்று கேட்டாள்.
கடைமடைக்கும் தண்ணீர் வரும்மா
என்று சொல்லத் தோன்றும்.
இந்தப் பக்கம் வாய்க்குச் சுலபமாக வருகிற ஆறுதல் அது.
வராத வருஷம் முத்துப்பேட்டைப் பக்கம்
வெடித்த வயலில் நின்றவர்களும்
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள்.
அதனால் சொல்வதில்லை.
"தெரியலம்மா. படத்தைக் காட்டிக் கேக்கப் பழக்குவோம்.
தண்ணி, சோறு, போதும். மூணு படம்.
மொதல்ல 'போதும்'."

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்,
திருவாரூரில் சான்றிதழ் போடுகிறவர்களுக்காக.
அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.
ஒரு சொல்லில் தடுக்கி நின்றேன்.
வேறு வழியில்லாமல் 'கடுமை' என்றேன்.
அவள் நிமிர்ந்தாள்.
"அவன் கடுமையான புள்ள இல்லீங்களே மேடம்.
கோழிக்குஞ்சக்கூட ரெண்டு கையால ஏந்துவான்."

வெயிலுக்கும் வாத்தியாருக்கும் சொல்கிற சொல்லை
அவன் தலையில் வைத்துவிட்டேன்.
அந்தச் சொல் இருந்தால்தான் மாதப் பணம்.
அதையும் மறைக்காமல் சொன்னேன்.
கொஞ்ச நேரம் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்,
பஸ் காசா, பால் பாக்கியா, தெரியவில்லை.
"சரி, பேப்பர்ல மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் பெட்டியை மூடும்போது
எட்டுக் கட்டைதான்.
நாற்காலியை நகர்த்தி, பாயை உதறி,
மேஜைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்பதரைக்குப் போன் வந்தது.
"தூங்கியும் கைய விரிக்க மாட்டேங்குறான் மேடம்.
அப்பறந்தான் பாத்தேன்."

இரண்டு நாள் கழித்து
காலை பஸ் கண்டக்டர் உரக்கடையில்
கொடுத்துவிட்டுப் போயிருந்தார்,
கோடு போட்ட நோட்டுத்தாளில் சுற்றி.
வெள்ளை முகம் பழுப்பேறியிருந்தது.
மூலையில் ஈர மணல்.

நாளை வலங்கைமானிலிருந்து ஒரு பெண்குழந்தை வருகிறாள்.
அவளுக்கு ஒன்பதும் வேண்டும்.
துடைத்தேன்.
பெட்டியில் போடுமுன்
கதவைச் சாத்திக்கொண்டு
மேஜையில் காதை வைத்து
நகமளவு தூக்கிப் பார்த்தேன்.

கீழே லாரியிலிருந்து
மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.