புறங்கை

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்
இரவு இரண்டு மணிக்குச் சுற்றத் தொடங்கும்.
விடிவதற்குள் மூட்டைகள் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அது தவமலரைக் கடித்தது.
கடித்தது என்றுதான் சொன்னாள்,
முழங்கைவரை காட்டி.
பல் தடம் இல்லை.

மோட்டாரின் கசிவை அன்றே அடைத்துவிட்டேன்.
நாளைக்கு வேறொன்று கசியும்;
அது இறங்கிப்போக ஒரு வழி வேண்டும்.
டெஸ்டரின் முளைகளை வரப்பில் அடித்துக்
கைப்பிடியைச் சுற்றினேன்.
நூற்று நாற்பது ஓம்.
பழைய எர்த் பைப் மண்ணுக்குள் நின்றது,
மண்ணோடு பேச்சுவார்த்தை இல்லாமல்.

"இவ்வளவு மழை பெய்யும் ஊரில்
எர்த் கிடைக்காதா?"
முதலாளி ஹாலன் கேட்டார்.
மழைதான் காரணம் என்றால் நம்பமாட்டார்.
இந்தச் சரிவைக் கழுவிக் கழுவி
உப்பையெல்லாம் பவானிக்கு அனுப்பிவிட்டது.
மிச்சம் சிவப்பு மட்டும்.
அப்பழுக்கில்லாத மண்.
மின்சாரத்துக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும்.

பென்டோனைட் மூட்டைக்கு விலை சொன்னேன்.
ஹாலன் பனியைப் பார்த்தார்.

புதுக்குழியில் நாலாவது அடியில் பாறை.
கடப்பாரை தெறித்துத் திரும்பியது.
ஆழம் போகாத இடத்தில் நீளம் போவோம் என்று
குழியை வாய்க்காலாக இழுத்தோம்.
தேயிலை ஃபேக்டரி பாய்லர் சாம்பல் ஒன்பது சாக்கு,
சும்மா கொடுத்தார்கள்,
சாக்கை மட்டும் திருப்பிக் கேட்டார்கள்.
டீக்கடை அடுப்புக்கரி.
குன்னூர் லேத் பட்டறை இரும்புச் சுருள்,
அதில் என் கட்டைவிரல் ரத்தமும் கொஞ்சம்.
நசுங்கின கேரட்டும் போடலாமா என்றாள் தவமலர்.
அழுகினால் உள்வாங்கும், பைப்பைச் சுற்றி
வெற்றிடம் விழும், வேண்டாம் என்றேன்.
எல்லாம் மூடியபிறகு
தழையை மேலே பரப்பினாள்,
ஈரம் நிற்கட்டும் என்று.
அது எனக்குத் தோன்றவில்லை.
மெஷின் துப்பும் செந்நீரையும்
அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் முள் ஆடி ஆடி
ஏழில் நின்றது.
ஐந்து என்றால் இன்னும் நிம்மதி.
சாம்பலும் ஒருநாள் மழையோடு இறங்கிவிடும்.
'ஆடிக்கு ஆடி ஒன்பது சாக்கு' என்று
மெயின் போர்டு கதவில்
ஆணியால் கீறிவைத்தேன்.
சாக்பீஸ் இந்த ஊரில் நிற்காது.

இரவு இரண்டு மணி.
கேரட்டுகள் ஒன்றையொன்று தேய்த்துச் சிவக்கின்றன.
தவமலர் வருகிறாள்,
ரப்பர் பூட்ஸ் சத்தத்தோடு.
மெஷினின் விலாவை முதலில் தொடுகிறாள்,
புறங்கையால்.
உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும் என்று
நான்தான் ஒருமுறை சொன்னேன்.

"ஏழு ஓம்" என்றேன்.
"சரிண்ணே" என்றாள்.
கையைத் திருப்பவில்லை.