நின்றால் மட்டும்

எல்லாரும் முதலில் கேஸ் என்றுதான் சொல்வார்கள்.
தேவகோட்டையில் ஒருவர் நிரப்பினார்,
புதுக்கோட்டையில் ஒருவர் நிரப்பினார்,
நாலாயிரத்து நானூறு ரூபாய்
கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது.
மூன்றாவதாகக் காரைக்குடிக்கு, என் ஷெட்டுக்கு வந்தீர்கள் சிகப்பி ஆச்சி,
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு,
"கேஸ் போட்டு விடுங்க" என்று
நீங்களே மருந்தும் எழுதிக்கொண்டு.

நான் கேட்டது ஒன்றுதான்:
எப்போது சுடுகிறது?

ஓடினால் ஜில்லென்று வருகிறதாம்.
குன்றக்குடி தாண்டும்போது கால் விறைக்கிறதாம்.
நின்றால் மட்டும்
பத்து நிமிஷத்தில் அடுப்படிக் காற்று.

எங்கே அவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று
நான் கேட்கவில்லை. இன்னாசி கேட்டுவிட்டான்.
பத்தொன்பது வயது, வாய் சும்மா இருக்காது.

பள்ளத்தூரில், உங்கள் வீட்டு வாசலில்.
முப்பத்தொரு பங்கு. ஒரு சாவி.
சாவி வைத்திருக்கும் பெரியப்பா மகன்
மூன்று மணிக்கு என்பார்,
ஐந்துக்கு என்பார்,
வரமாட்டார்.
உள்ளே நீங்கள் எடுக்க வேண்டியது
ஒரு தையல் மிஷின் மட்டும்.
அதற்காக இஞ்சினை அணைக்காமல்
சொந்த வீட்டைக் கண்ணாடி வழியே
பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி. பானெட்டைத் திறந்தேன்.
கம்ப்ரசர் டக்கென்று ஒட்டியது, நல்ல ஒட்டு.
மீட்டர் இரண்டையும் மாட்டினேன்.
சிவப்பு முள் இருநூறு, இருநூற்றைம்பது என்று
சண்டைக்காரன் போல ஏறி
முந்நூற்று எழுபதில் நடுங்கி நிற்க
கம்ப்ரசர் தானே கையை விட்டது.
கேஸ் குறைந்த வண்டி இப்படி ஏறாது.

இன்னாசி ஒரு வாளித் தண்ணீரைக்
கண்டென்சர் மேல் அடித்தான்.
முள் சரசரவென்று இறங்கியது.
உள்ளே உட்கார்ந்திருந்த நீங்கள்
"வருது, வருது" என்றீர்கள்.
ஈரம் காய்ந்ததும் போயிற்று.

ஆச்சி, ஏசி குளிரைச் செய்கிற மிஷின் இல்லை.
உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி
முன்னால் கொண்டுபோய்க் கொட்டும், அவ்வளவே.
ஓடும்போது எதிர்காற்று வாங்கிக்கொள்கிறது.
நிற்கும்போது வாங்கிக்கொள்ள
ஃபேன் சுற்ற வேண்டும்.
உங்கள் ஃபேன் வேடிக்கை பார்க்கிறது.

குச்சியால் தள்ளினால் சுற்றியது.
பேட்டரியிலிருந்து நேரே கொடுத்தால் சீறியது.
ஹாரன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டேன், ம்ஹூம்.
பிறகு ஒயரைத் தடவிக்கொண்டே போன விரல்
பேட்டரித் தட்டுக்கு அடியில்
மெத்தென்று எதிலோ புதைந்தது.

எலிக்கூடு.
தேங்காய் நார், சீட்டுப் பஞ்சு, பாதி மனகோலம்,
மீதியெல்லாம் காகிதம்.
பின்சீட்டில் நீங்கள் போட்டுவைத்த
கோர்ட்டு நகல் கட்டுதான்.
'வாதி' தனியாக, 'பாத்தியதை' பாதியாக,
யாரோ ஒருவர் பெயரில் இனிஷியல் மட்டும்.
அதன் மேல் படுத்துக்கொண்டு
நிதானமாக ஒயரைக் கடித்திருக்கிறது.

"கேஸ் போடாமலே பங்கு வாங்கியிருக்கு" என்றீர்கள்.
சிரித்தீர்கள்.
சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம்
தோள் குலுங்கியது.
சோல்டரிங் அயன் எதிரேதான் இருந்தது,
நான் அதைத் தேடி உள்ளே போனேன்.

ஒயர், ஸ்லீவ், கூலி எல்லாம் சேர்த்து நானூற்று ஐம்பது.
கேஸ் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது,
எடுத்துவிட்டேன்.
உச்சி வெயிலில் கால் மணி நேரம்
நிறுத்தியே வைத்துப் பார்த்தோம்.
ஏழு டிகிரி.

நாலாம் நாள் போன் செய்தீர்கள்.
வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதாம்.
அது ஒழுகல் இல்லை ஆச்சி,
உள்ளே குளிர்ந்தால் அப்படித்தான் சொட்டும் என்றேன்.
"நான் எங்க பாத்தேன்" என்றீர்கள்,
"அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு.
மூணு வருஷத்துல பேசின மொத வார்த்தை,
வண்டி ஒழுகுது பாருன்னு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
சாவி கொண்டுவந்தாரா என்று கேட்க
இன்னாசி வாயெடுத்தான்.
அதற்குள் யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள்,
போனை வைத்துவிட்டீர்கள்.