முதுகுப் பட்டை

மூன்று மில்லிமீட்டர்.
அதற்கு மேல் போனால் வளையாது,
கீழே போனால் நிற்காது.
கல்மூங்கிலின் தோல் பக்கத்தை உளி தொடக் கூடாது.
சதைப் பக்கம் மட்டும் சீவல்,
கணு வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பாகாயத்தில் எனக்குச் சம்பளம் வேறு வேலைக்கு.
காலை எட்டரைக்குக் கையெழுத்து.
பிறகு காலிப்பர், செயற்கைக் கால், முழங்கால் பூட்டு,
யாரோ ஒருவரின் தொடைச் சுற்றளவு
பேனாவால் என் உள்ளங்கையில்.
ஐந்து மணிக்கு மேல்
நாடா ரம்பம் எனக்கு.
சூப்பர்வைசர் பார்க்காததுபோல் பார்ப்பார்.

வில் கேட்டது தஸ்தகீர்.
மேல்விஷாரம். தோல் மண்டிப் பரணிலிருந்து விழுந்தவர்,
சக்கர நாற்காலியில் இது இரண்டாம் வருஷம்.
"வெளிநாட்டு வில்லுன்னா வீட்ட விக்கணும் சலோமி.
வீடே வாடகை."

ஜமுனாமரத்தூர் பஸ்ஸின் தலையில் ஏறி
ஆறு கழிகள் வந்தன,
பட்டா நிலத்தில் வெட்டியது என்ற சீட்டோடு.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
இறக்கும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தி
"யாரும்மா போயிட்டாங்க?" என்றார்.
அதுவும் மூங்கில்தானே.

வேலூர் வெயிலைத் திட்டாத நாள் அந்தப் பதினொன்று.
தகரக் கூரைக்கு அடியில்
கீற்றுகள் ஈரத்தைக் கக்கின.
பன்னிரண்டாம் நாள் தட்டிப் பார்த்தேன்,
ஓட்டை விழுந்த காசுபோல் சத்தம்.

வயிற்றுக்குப் புளிய மரம்.
நெருக்கினால் பொறுக்கும், இழுத்தால் கத்தும்.
முதுகுக்கு மூங்கில்.
எவ்வளவு இழுத்தாலும் வாயைத் திறக்காது.
நடுவே பசை.
சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றும்போது
கை தன் பாட்டுக்கு
கணுக்கால் கட்டின் எட்டைப் போட்டது.

முதல் வில் உடைந்தது.
கப்பியில் மாட்டி இருபதாவது அங்குலம்,
டிக்.
சுவிட்சு போடும் சத்தம்தான்.
அடுத்த அங்குலத்தில் பட்டை கிளம்பிப் போய்
குழல்விளக்கை அடித்து இறக்கியது.
மூன்றாம் கணுவை அழகுக்காகத் தேய்த்திருந்தேன்.
மேடு கண்ணை உறுத்தியது, தேய்த்தேன்.
அந்த மேட்டில்தான் நார்கள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

தஸ்தகீர் துண்டை மடியில் வைத்து
பிளவில் விரலை ஓட்டினார்.
"டாக்டரும் எனக்குப் படம் போட்டுக் காட்னாரு,
எந்தக் கணுன்னு."
அவ்வளவுதான். டீ சொல்ல உருண்டு போனார்.
குழல்விளக்குக்கும் அவரே காசு கொடுத்தார்,
வேண்டாம் என்றால் கோபம் வருகிறது.

புறமுதுகு காட்டினான் என்றால்
இந்தப் பாஷையில் அதைவிடக் கேவலம் இல்லை.
வில்லோ பிறந்த நாளிலிருந்தே
எதிரே நிற்பதற்கு முதுகைத்தான் காட்டுகிறது.
வயிறு நம் பக்கம்.
இதை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்து
பசை கலக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது வில்லில் கணுக்கள் கணுக்களாகவே.
தடவினால் தட்டும்.
இழுவை எடை பார்க்க
கொசப்பேட்டை மீன்கடையில் கொக்கித் தராசு இரவல்.
தவமணியக்கா எட்டிப் பார்த்து
"எத்தினி கிலோ?"
பதினாலரை.
"முள்ளு போக?"

ஞாயிற்றுக்கிழமை.
பாலாற்று மணலில் சக்கரம் புதையும் என்று
விருதம்பட்டுப் பக்கம் ஒரு கட்டாந்தரை.
தோல் கழிவு அடைத்த சாக்கு, நடுவில் சுண்ணாம்பு வட்டம்.
நாற்றத்துக்கு நாலு நாய்.
பிரேக்கைப் போட்டார்,
தோளை ஒருமுறை குலுக்கினார்,
இழுத்தார்.

அவர் தம்பி, தம்பியின் பிள்ளைகள்,
ஆடு மேய்க்கிறவர், எல்லோரும் சாக்கைப் பார்த்தார்கள்.
நான் மூன்றாம் கணுவை.
பதினெட்டு. இருபது.
இருபத்து நான்கு.
தாடையைத் தொட்டது நாண்.
சத்தமில்லை.
சத்தமில்லை.

அம்பு எங்கே போனது என்று பிறகுதான் கேட்டேன்.
சீமைக்கருவேலத்துக்குள்ளாம்.
செருப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டு
நான்தான் போனேன்.