கடுகளவு நீலம்

செலாமாவில் இரவு இரண்டே கால்.
செம்பனைக் குலை ஏற்றும் வேனிலிருந்து
இறங்கி வருகிறான் யுகனேஷ், பன்னிரண்டு வயது,
கால்களுக்கு நடுவே
முட்டை ஒன்றைக் கொண்டுவருபவன்போல.

'வயிற்று வலி' என்கிறார் அப்பா.
'வயிறுதான்' என்கிறான் அவனும்.
அழுத்திப் பார்த்தேன். பஞ்சுபோல் இருக்கிறது,
பொய் சொல்லத் தெரியாத வயிறு.

'பொம்பள டாக்டரா' என்று
சுவரிடம் கேட்கிறான்.
'அக்கா மாதிரிடா' என்கிறார் நாகையா,
அது இன்னும் மோசம் என்று தெரியாமல்.
அவன் தலையசைத்தபின்
அவரை வெளியே அனுப்பித் திரையை இழுத்தேன்.

பத்து மணிக்கு, பந்தாட்டம் பார்க்கையில், தொடங்கியது.
விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரம்.
தைப்பிங் போக ஒன்று.
கழித்துப் பார்க்கிறேன்.

போன மே மாதம் ஒருவன்
இரண்டு நாள் வயிற்று வலி என்றே சொன்னான்.
கால்சட்டைக்குள் யாரும் பார்க்கவில்லை.
நானும்.
அதற்குப்பின் பயந்து பயந்து
வந்தவனையெல்லாம் ஆம்புலன்சில் ஏற்றினேன்.
அவர்களில் ஒருவனைத் திறந்தார்கள்,
எல்லாம் நலம், தைத்து மூடினார்கள்.
அவன் அம்மா ஒரு பை ரம்புத்தானோடு வந்தாள்.
தழும்புக்கு ஒருவர் நன்றி சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

வாந்தி இல்லை.
விதை மேலேறிக் குறுக்கே கிடக்கவில்லை,
கல்லாகவும் இல்லை.
அதன் உச்சியில் மட்டும், விரல்நுனி அளவு வலி.
டார்ச் ஒளியில் அங்கே
தோலுக்கடியில் கடுகளவு நீலம்,
பேனா முள் தவறிப் பட்டதுபோல.

உள்தொடையில் மரக்குச்சியால் ஒரு கோடிழுத்தேன்.
தொட்ட நத்தையாய்
மேலே சுருங்கிக்கொண்டது.
'கூசுது' என்று சிரித்துவிட்டான்.

போதுமா? போதாது.
ரோஸ்மினாவை எழுப்பினேன்.
பூப்போட்ட பைஜாமாவோடு வந்து
ஜெல்லைத் தன் உள்ளங்கையில் சூடாக்கிப் பூசினாள்.
சாம்பல் திரையில் பொத்தானைத் தட்ட,
சிவப்பு, நீலம், சிவப்பு,
இரண்டு பக்கமும் ஒரே தாளம்.
'அடா' என்றாள்.
மலாயில் அதற்கு 'இருக்கிறது' என்று பொருள்.
தமிழிலும் பொருந்தியது.

தைப்பிங் சர்ஜனும் போனில் கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்றார்.
உதவாத ஒரு சின்னக் காம்புதான் திருகியிருக்கிறது.
ஒரு வாரம் வலிக்கும், தானே வாடிவிடும்.
வலி ஏறினால், வாந்தி வந்தால்
எந்த நேரமானாலும் வரவேண்டும்.

'ஊசிகூட இல்லையா?'
நாகையா ஏமாந்தவர்போல நின்றார்.
வேனை மண்டோரிடம் கெஞ்சி வாங்கியவர்.

கத்தி வைக்காமல் அனுப்பிய இரவில்
எனக்குத் தூக்கம் வருவதில்லை.
காலை பத்துக்கு நானே அழைத்தேன்.
'எங்கே வலி?'
அந்தப் பக்கம் மோட்டார் ஒன்று கடந்து போனது.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
சரியான சொல்லைச் சொன்னான்.