இருபத்திரண்டு டிகிரி

நான்கு நாள் விடாத மழை
ஐந்தாம் நாள் மூச்சு வாங்க நின்றது.
மின்தூக்கியில் பதினோராம் மாடிக்காரர்
"கெந்திங் மாதிரி இருக்கு, இல்ல?" என்றார்.
ஆறு ஆண்டில் என்னிடம் அவர் பேசிய
முதல் வாக்கியம்.

கீழே ஷம்சியா,
கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டோடு.
நான், ஹொக்கைடோவுக்கென்று வாங்கிய
குளிர்ச்சட்டையில்.
நூற்று எண்பது வெள்ளி.
பயணம் ரத்தானது, சட்டை ரத்தாகவில்லை.
ஈரம் குடிக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில்
மூன்று வருடம்
பனியை நினைத்தபடி தொங்கிக் கிடந்தது.
"விண்வெளிக்கா போறோம்?" என்றாள்.

சாங்கி படகுத்துறையில் பதினோரு பேர்.
பன்னிரண்டு சேர்ந்தால்தான் படகு.
காற்று வடகிழக்கிலிருந்து
நேராக எங்கள் காதுகளுக்கே வந்தது.
உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டோம்,
படங்களில் பார்த்த பழக்கத்தில்.
வாயைக் குவித்து ஊதிப் பார்த்தாள் ஷம்சியா.
புகை வரவில்லை.
இன்னொரு முறை ஊதினாள்.

கோப்பிப் பையைக் கயிற்றில் ஆட்டியபடி
ஒருவர் ஓடி வந்தார்.
பதினோரு பேரும் கைதட்டினோம்.
எதற்கென்று தெரியாமலே
அவர் குனிந்து வணங்கினார்.

பள்ளியில் மனப்பாடம் செய்த
ஆறு பெரும்பொழுதில்
எங்கள் பங்குக்கு முதுவேனில்.
அது முடிந்தால் மறுபடி முதுவேனில்.
எப்போதாவது ஒரு வாரம்
முகவரி மாறி வந்த பார்சல்போலக்
கூதிர்.
யாரும் கேட்டு வருமுன்
பிரித்துவிட வேண்டும்.

உபின் தீவில் வாடகைச் சைக்கிள்.
எனக்குக் கிடைத்ததில் மணி மட்டும்
நன்றாக வேலை செய்தது.
செம்மண் பாதையெங்கும் குட்டைகள்.
முதல் இரண்டைச் சுற்றிப் போனோம்.
மூன்றாவதில் வேண்டுமென்றே இறங்கினாள் அவள்.
நாற்பத்தாறு வயதுக் கணக்காளர்
காலிரண்டையும் அகல விரித்துக்கொண்டு
கத்திய கத்தலில்
ரப்பர் மரத்திலிருந்து எதுவோ பறந்தது.

கருங்கல் வெட்டிய பள்ளத்தில்
ஏரி, பச்சையாக, அசையாமல்.
மேலே மெல்லிய மூட்டம்.
"சுவிட்சர்லாந்து" என்றாள்.
போனதில்லை இருவரும்.
ஒப்புக்கொண்டேன்.

செக் ஜாவாவில் கடல் கொஞ்சம் விலகி
சேறு தெரிந்தது.
பலகைப் பாதையின் ஓரத்தில்
தொலைநோக்கி வைத்திருந்த ஒரு பையன்,
கேட்காமலே நீட்டினான்.
உப்புக்கொத்திகள்.
பத்து, பதினைந்து, எண்ணுவதற்குள் இடம் மாறின.
சைபீரியாவிலிருந்து வருகின்றனவாம்,
குளிர் தாங்காமல்.

நான் கழுத்துவரை இழுத்திருந்த ஜிப்பைப்
பார்த்தாள் ஷம்சியா.
பிறகு பறவைகளைப் பார்த்தாள்.
பிறகு சிரிப்பை அடக்க
கம்பளித் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.
பையன் "ஷ்ஷ்" என்றான்.
அவற்றுக்கு இது கடற்கரை விடுமுறை.
வெறுங்காலோடு
எங்கள் பனிக்காலத்தில்
புழு பொறுக்கிக்கொண்டிருந்தன.

தூறல் மறுபடி தொடங்கியது.
கூரைக்கு ஓடவில்லை.
ஃபிளாஸ்கிலிருந்த இஞ்சித் தேநீரை
மூடியில் ஊற்றி மாறிமாறிக் குடித்தோம்.
கடைசி மிடற்றில் மழையும் கலந்திருந்தது.
அதை எனக்கு விட்டுக்கொடுத்தாள்,
பெருந்தன்மையாக.

திரும்பும் படகில் வெயில் வந்துவிட்டது.
ஒரு வார்த்தை சொல்லாமல்
நாங்கள் சட்டையையும் துண்டையும் கழற்றினோம்.
படகோட்டி, காலையிலிருந்தே
கையில்லாத பனியனில் இருந்தவர்,
திரும்பிப் பார்த்துவிட்டு
இயந்திரத்தை முடுக்கினார்.

இரவு, சட்டையின் முழங்கையில்
கைப்பிடியளவு சேறு கண்டேன்.
அலையாத்திக் காட்டின் வாசம்.
கழுவ எடுத்தவள்
ஈரம் குடிக்கும் டப்பாவை நகர்த்திவிட்டு
அப்படியே தொங்கவிட்டேன்.

நாளைக்கு முப்பத்தொன்று என்கிறது கைப்பேசி.
மின்தூக்கியில் அவர் என்ன பேசுவார்
என்பதுதான்
இப்போதைய யோசனை.