வாய்தா

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
அட்டவணை என்றால் பாதிதான்.
எண்களை யாரும் மொழிபெயர்ப்பதில்லை என்பது
வக்கீல் ஆபீஸின் கணக்கு.

இந்த வாரம் முந்நூற்றுப் பதினாறு பக்கம்:
எண்ணூர்க் கழிமுகம், அலையாத்தி, சாம்பல் குழாய்க் கசிவு,
நிபுணர் குழு, இணைப்பு ஏழு.
மூன்றாம் பத்தியிலேயே இடறினேன்.
'சூழல்மண்டலம் வழங்கும் சேவைகள்'
என்று எழுதி அடித்தேன்.
சேவை என்றால் என் வீட்டில் எலுமிச்சை சேவை,
பெருமாள் கோயிலில் கருட சேவை,
தாலுகா ஆபீஸில் இ-சேவை.
சேறு எங்கே, யாருக்குச் சேவை செய்தது?
'நன்மைகள்' என்று மாற்றினேன்.
அது சத்துமாவு டப்பா மாதிரி இருந்தது.
மறுபடி சேவைகளே.

வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளுதல்.
மீன்குஞ்சு வளர்த்தல்.
கரியை மண்ணுக்குள் பூட்டுதல்.
ஒரு ஹெக்டேருக்கு ஓராண்டுக்கு இத்தனை லட்சம்.
கழிமுகத்துக்குச் சம்பளச் சீட்டு போட்டிருக்கிறார்கள்,
பிடித்தம் என்ற கட்டம் காலியாக.

இணைப்பு ஏழு, வாக்குமூலம்.
பாளையத்தம்மாள், வயது ஐம்பத்து மூன்று,
தொழில் கையால் இறால் பிடித்தல்.
இது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு.
ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தட்டச்சினேன்.
நிறுவனத்தின் வக்கீல் கேட்கிறார்,
இத்தனை வருடம் ஆற்றிலேயே இருந்தீர்களே
ஏன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை?

'பறியப் பல்லுல கடிச்சிக்கினுதான் சார்
தண்ணில குந்துவோம்.
ரெண்டு கையும் சேத்துக்குள்ள.
வாயத் தொறந்தா பறி போயிடும்.'

பறி: பனையோலைக் கூடை
என்று அடிக்குறிப்பு போட்டேன்.
பறிபோவதன் இன்னொரு பொருளுக்கு
அடியில் இடமில்லை.

சேற்றுக்கு அவளிடம் ஆறு பெயர் இருக்கிறது.
முழங்காலை விழுங்கினால் உளை.
விரலில் பிடித்துக்கொண்டால் களி.
மழைக்குப் பிறகு மேலே படிவது வண்டல்.
மற்ற மூன்றும் ஒலிப்பதிவில் சரியாகக் கேட்கவில்லை,
பின்னால் ஏதோ லாரி.
ஆறுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டேன்,
மூன்றெழுத்து.

ஏழாவதாக ஒன்று.
'வெந்நி மேரி சுடும். நகக்கண்ணுல
சிமெண்ட்டா எறுகும்.
அதுக்கு இன்னும் பேர் வெக்கல.'

சேப்பாக்கத்தில் விசாரணை.
மொழிபெயர்ப்பாளர் போகவேண்டியதில்லை, போனேன்.
எழுபத்து நான்காம் ஆண்டு நீர்ச் சட்டம்,
எண்பத்தாறாம் ஆண்டுச் சட்டம்,
கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு,
எல்லாம் நல்ல உச்சரிப்பில் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன.
பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்டார்கள்.
பதினொரு நிமிடம்.

படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.
'இன்னா குட்த்தாங்க?'
'வாய்தா.'
'வாயா? எங்கிட்டதான் இருக்குதே'
என்று சிரித்தாள்.
முன்பல் இரண்டிலும் தேய்ந்த பள்ளம்,
ஓலை விளிம்பு அளவுக்கு.

கடற்கரை நிலையத்தில் மாறி
கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம்.
உனக்கு எவ்ளோ தருவாங்க என்றாள். சொன்னேன்.
'நான் எத்தினி பக்கம்?'
'இரண்டேகால்.'
ராயபுரம் தாண்டுவதற்குள் பெருக்கிவிட்டாள்.
'இருநூத்தி எழுவது. நாப்பது வருசத்துக்கு.'
பிறகு கொருக்குப்பேட்டை வரை
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்து,
'அரைக் கிலோ எறா வரும்,
அதுவும் அப்பத்த வெலைக்கு' என்றாள்.

நான் திருவொற்றியூரில் இறங்கிவிட்டேன்.
மொட்டைமாடிக் கொடியில்
காலையில் போட்ட வெள்ளைச் சட்டை.
உதறினால் போகாத ஒரு சாம்பல்,
தோள்பட்டையில், மடிப்பில்.
ஈரக்கையால் தொட்டேன்.
இறுகியது.

உள்ளே வந்து கோப்பைத் திறந்து
ஏழாவது சேற்றுக்கு நேராக
'பெயரில்லை' என்று எழுதினேன்.
அதையும் மொழிபெயர்க்க வேண்டுமே என்று
பிறகுதான் தோன்றியது.