ஏலி

டண்டியில் நவம்பர்
நாலு மணிக்கே வெளிச்சத்தை அணைத்துவிடும்.
வியாழக்கிழமை மாலைகளில்
பல்கலைக்கழகத்தின் அந்த அறைக்கு நான் பொறுப்பு.
கதவில் ஐந்து பெயர்கள். என்னுடையது கடைசி:
யோகமலர், இந்து, பகுதிநேரம்.
மீதி நேரம் என்ன மதம் என்று
என் மகன் கேட்பான்.

மீதி நேரம்
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறேன்.

அலமாரியில்
சுருட்டிய தொழுகைப் பாய்கள், மடக்கக்கூடிய சிலுவை,
யாரோ மறந்துபோன கிப்பா,
நான் கொண்டுவந்த குத்துவிளக்கு.
அதை ஏற்றக் கூடாது, புகைமணி அடிக்கும்.
எல்லாச் சாமிக்கும் பற்றரியில் எரியும் மெழுகுதிரிதான்.

அவள் வந்தபோது மழை தோளில் இருந்தது.
'மதம் இல்லை' என்ற கட்டத்தில் கோடிட்டாள்.
பெயர் ஏலி. முனைவர் பட்டம், மூன்றாம் ஆண்டு.
'எழுதுவது ஒரு மாதிரி, கூப்பிடுவது ஒரு மாதிரி,
கேலிக் பெயர்' என்று பழக்கத்தில் மன்னிப்புக் கேட்டாள்.
பிறகு,
'இன்றோடு முடிந்தது. ஐம்பத்தெட்டு எலிகள்.'

அனுமதி இருந்தது. வலி இல்லாமல்தான்.
கை நடுங்காமல், சரியாகத்தான் செய்தாள்.
பெயர் வைக்கக் கூடாதென்பது விதி; வைக்கவில்லை.
பிறகு கை கழுவும்போது
குழாயை மூட முடியவில்லையாம்.
தண்ணீர் போய்க்கொண்டே இருந்ததாம்.

'இதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?'
மருந்துக்கடையில் கேட்பதுபோலவே கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
எலிமேல் ஏறிவரும் பிள்ளையாரைப் பற்றித்தான்.
ஏறியவருக்கு ஆயிரம் பாட்டு.
சுமந்ததற்கு
ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

மொய்ராவுக்குப் போன் செய்தேன்.
அவளுடைய தேவாலயத்தில் அக்டோபரில்
நாய் பூனைகளுக்கு ஆசீர்வாதம் உண்டு.
'ஆனால் இவை...' என்றாள்,
அந்த 'ஆனால்' பக்கத்தில் நெடுநேரம் நின்றாள்.
இரவுத் தொழுகைக்கு வந்த இத்ரீஸ்
சப்பாத்தைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.
ஒன்றும் சொல்லாமல்
கெட்டிலில் தண்ணீர் ஊற்றினார்.

'யாராவது சத்தமாக எண்ணினால் போதும்' என்றாள் ஏலி.
'அறிக்கையில் ஒரே ஓர் எண்ணாகத்தான் வரும்.'

எனக்கு எண்ணத்தானே தெரியும்.
தமிழில் எண்ணினேன். அவள் விரல் மடக்கினாள்.
ஐந்தைந்தாகத் தள்ளிப் பழகிய கைக்கு
ஒவ்வொன்றாகப் போவது எவ்வளவு தூரம்.
பத்தொன்பதில் நிறுத்தினாள்:
'அது காது கிழிந்தது.'
முப்பத்துமூன்றில்
டே நதிப் பாலத்தில் ஒரு ரயில்,
பெட்டி பெட்டியாக வெளிச்சம்.
நாற்பதில் இத்ரீஸின் மணிமாலையும் நகரத் தொடங்கியது.
ஐம்பதைத் தாண்டியபோது
பூட்டவந்த காவலாளி வாசலில் நின்றார்,
சாவிக்கொத்து சத்தமிடாதபடி
கைக்குள் பொத்திக்கொண்டு.

ஐம்பத்தெட்டு.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

'உங்கள் பாஷையில் அதற்கு என்ன பெயர்?'
சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொன்னேன்:
உன் பெயரின் நெடிலைக் குறிலாக்கு.
ஒரு மாத்திரை குறைந்தால்
அதுதான்.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.
ஏலி. எலி.
சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று
மூக்கு வழியாக வந்தது.
ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.
காவலாளி அவளுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு
பேருந்து நிறுத்தம்வரை போனார்.

மாதக் கணக்குப் படிவம்.
வந்தோர்: ஒருவர். மதம்: இல்லை. காரணம்: துக்கம்.
'இறந்தவரின் உறவுமுறை' என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டுவிட்டுக் கோட்டைப் போட்டேன்.
கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் திரும்பிவந்து
காது கிழிந்தது என்று எழுதினேன்.

மறுநாள் கடையில்
யாருக்கோ இருபத்தெட்டு இரத்த அழுத்த மாத்திரை.
பத்தொன்பதில் கை நின்றது.
ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
வரிசையில் இருந்த கிழவர்
மணிக்கூட்டைப் பார்த்தார்.